சந்திர மண்ணும் மாணவர் முயற்சியும்

மானிடன் சந்திரனில் அடிவைத்தது 1969 ஆம் ஆண்டிலாகும். ஆயின், அங்கே சென்று மீளுதல் வேறு. தங்கி வாழுதல் வேறு. நீரையும் ஒட்சிசனையும் புவியிலிருந்தே கொண்டுசெல்வதாயின் செலவு அளவிறந்ததாகும். சந்திர மண்ணின் நிறையில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டது, பிற மூலகங்களோடு கூடியுள்ள ஒட்சிசனே. அதனைப் பிரித்தெடுத்தற்கு முதற்கண் மண்ணை அகழ்தல் வேண்டும்.

அகழ்தல் எளிதன்று. மண்வெட்டும் பொறி தன் பாரத்தினாலேயே நிலத்தில் ஊன்றி நிற்கின்றது. சந்திரனின் ஈர்ப்போ புவியீர்ப்பின் ஆறிலொரு பங்கே. ஆதலின், பொறி மண்ணைத் தள்ளுமிடத்து மண் பொறியைப் பின்தள்ளும். காற்றும் நீரும் தேய்த்து மழுக்காமையால் அம்மண்டுகள்கள் கூர்மையுடையன. மூட்டுக்களினுட் புகுந்து அவற்றைத் தேய்ப்பன. புவியிலிருந்து விடுத்த கட்டளைக்கு மறுமொழி வந்துசேர ஏறக்குறைய 2.5 செக்கன் ஆகும்.

இவ்விடர்களுக்குத் தீர்வு நாடி நாசா தாபனம் பரிசுப் போட்டியொன்றை வகுத்தது. 2007 இலும் 2008 இலும் பரிசுக்குரியார் எவருமிலர். 2009 ஒக்ரோபரில், கலிபோர்ணியாவிலுள்ள ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் மீண்டும் போட்டி நிகழ்ந்தது. 80 கிலோகிராமுக்கு மேற்படாத றோபோ, 30 நிமிடத்தில், சந்திர மண்ணையொத்த மண்ணில் 150 கிலோகிராமையேனும் அகழ்ந்து கொட்டுதல் வேண்டும் என்பது விதி. மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் பொலிரெக்னிக் நிறுவன மாணவர் முதலானோர் அமைத்த றோபோ 439 கிலோகிராமைக் கொட்டி 5 இலட்சம் டொலரைப் பெற்றது. வேறிரு குழுவினரும் அவ்வெல்லையைக் கடந்தனர்.

அதே திங்களில், அதே ஏம்ஸ் நிலையம் நெறிப்படுத்திய எல்குறொஸ் திட்டத்தின்படி, ரொக்கெற்றின் பகுதியொன்று சந்திரனின் தென்முனையை அடுத்த கபியஸ் குழியில் மோதியது. எழுந்த புழுதியில் நீர் உண்டென்பது நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அகழ்தலின் பயன் இதனால் மேலும் விளங்கிற்று.

2010 இல், பல்கலைக்கழக மாணவர்க்கென்றே லூனபொட்டிக்ஸ் என்னும் போட்டியை நாசா புளோரிடாவிலுள்ள கெனடி நிலையத்திற் தொடங்கியது. நாளடைவில், அகழ்ந்த மண்ணின் அளவோடு றோபோவின் பாரம், அது செலவிடும் மின்சக்தி, புழுதியைத் தாங்குந் திறன் என்பனவும் மதிப்பிடப்படலாயின.

எனினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. இப்போட்டிகள் புவியின் முழு ஈர்ப்பிலே நிகழ்வன. இங்கே பாரத்தினால் வென்ற பொறி சந்திரனில் தோற்றல் கூடும். இதனை உணர்ந்தே, கெனடி நிலையப் பொறியியலாளர் ராசர் என்னும் றோபோவில் எதிரெதிராகச் சுழலும் உருளைகளை அமைத்தனர். ஒன்றின் இழுவையை மற்றொன்று ஈடுசெய்வதால், பாரமின்றியும் அகழ்தல் இயலுவதாயிற்று. விதியை நிறைவேற்றுதலோடு அமையாது, விதி எதன்பொருட்டு வகுக்கப்பட்டதென ஆராயும் மாணவனே அறிவியலின் வாயிலை அடைந்தவனாவான்.