மலைக்காட்டுப் பிரயாணமும் முதுகுப்பையும்

மனிதன் தன் உடைமைகளைத் தானே சுமந்து செல்லும் பிரயாணம் ஒருவகைப் பரீட்சையாகும். வண்டியும் சுமையாளும் உள்ள இடத்தில் வேண்டுவதும் வேண்டாததும் ஒருங்கே செல்லலாம். பாதையற்ற மலைக்காட்டிலோ ஒவ்வொரு பொருளும் அடிக்கு அடி தன் விலையைக் கேட்கும். இவ்வுண்மை மிகத் தெளிவாக விளங்கும் இடங்களுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டிலுள்ள ராக்கி மலைத்தொடர். அங்கே ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் பலர், அரசாங்க அனுமதிச் சீட்டுப் பெற்று, கூடாரத்தையும் உணவையும் முதுகிலே சுமந்து, சாலையினின்று பல கிலோமீட்டர் நடந்து எல்க் வேட்டைக்குச் செல்கின்றனர். அவர்கள் தம் முதுகுப்பையை எவ்வாறு தெரிந்தெடுத்து, எவ்வாறு ஒழுங்குபடுத்துகின்றனர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது அறிய வேண்டியது பையின் பருமனன்று, சுமையின் கணக்கேயாகும். எல்க் என்பது நம் நாட்டுக் கடமானினும் பருத்ததொரு மான்வகை. முதிர்ந்த ஆண் எல்க் ஏறத்தாழ 300 கிலோ நிறையுள்ளது. எலும்பை நீக்கிய பின்னும் உண்ணத்தக்க இறைச்சி ஏறத்தாழ 90 கிலோ தேறும். ஒருவன் ஒரு நடைக்கு 30 கிலோ சுமப்பானாயின், இறைச்சிக்கு மூன்று நடையும், கூடாரம் முதலியவற்றிற்கு ஒரு நடையும் வேண்டும். ஆகவே அவன் சுமையோடு நான்கு முறை இறங்கி, இடையே வெறும் பையோடு மூன்று முறை ஏறுதல் வேண்டும். விலங்கு வீழ்ந்த இடம் சாலையினின்று 5 கிலோமீட்டர் எனின், அவன் நடக்க வேண்டுவது 35 கிலோமீட்டர்; 2 கிலோமீட்டர் எனின் 14 கிலோமீட்டரோடு ஒழியும். விலங்கைக் குறிபார்க்கும் முன்னே இக்கணக்கைப் போடுபவனே அறிவுள்ள வேட்டைக்காரன்.

இக்கணக்கு சௌகரியத்தை மாத்திரம் பற்றியதன்று. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலே அழுகவிட்டு வருதல் கொலராடோ, அலாஸ்கா முதலிய மாநிலங்களில் சட்டப்படி குற்றமாகும். அலாஸ்காவில் இறைச்சியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் முதலில் கொணர்தலும் தகாது. கொம்பு கடைசிச் சுமையோடுதான் வரலாம். தன்னால் சுமந்து வர இயலாததை ஒருவன் கொல்லலாகாது என்னும் நீதி இச்சட்டத்தில் அடங்கியிருக்கின்றது. ஆதலால் வேட்டைக்காரனது பை, போகும்போதுள்ள சுமையைக் கருதியன்று, திரும்பும்போதுள்ள சுமையைக் கருதியே தெரிந்தெடுக்கப்படல் வேண்டும்.

இத்தகைய பை ஒருநாளில் தோன்றியதன்று. பழைய பைகள் வெறுந்துணியாய் இருந்தமையால், உள்ளிருக்கும் பொருள்கள் முதுகை உறுத்தின. பாரமெல்லாம் தோளிலே தங்கிற்று. நார்வே நாட்டினரான ஓலே பெர்கன் என்பார், வேட்டையினின்று பாரமான பையோடு திரும்புகையில் பட்ட துன்பத்தால் தூண்டப்பெற்று, முதுகின் வடிவிற்கேற்ப வளைந்த சட்டகம் ஒன்றை அமைத்தார் என்பர். 1909ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அமெரிக்காவில் டிக் கெல்டி என்பார் 1952இல் அலுமினியக் குழாய்ச் சட்டகமும் இடுப்பு வாரும் உடைய பைகளை விற்கத் தொடங்கினார். 1967இல் கிரெக் லோ என்பார் சட்டகத்தைப் பையினுள்ளேயே அமைக்கும் முறையைக் கொணர்ந்தார். இவற்றுள் இடுப்பு வாரினால் விளைந்த நன்மை பெரிது. தோளும் முதுகும் தாங்கிய பாரத்தின் பெரும்பகுதியை அது இடுப்பெலும்பிற்கு மாற்றிற்று. இடுப்பெலும்போ கால்களின்மேல் நேரே நிற்பது, தோளினும் உறுதியானது.

இனி, பையைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுவாம். பையின் அளவை ஒருவனது மொத்த உயரத்தைக் கொண்டு நிர்ணயித்தல் தவறு. முதுகின் நீளத்தைக் கொண்டே நிர்ணயித்தல் வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் புடைத்துத் தோன்றும் எலும்புக் கணுவினின்று, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம்வரை அளந்து பெறுவதே அந்நீளம். ஒத்த உயரமுள்ள இருவர்க்கும் இது வேறுபடக்கூடும். பையை அணியும்போது முதலில் இடுப்பு வாரை எலும்பின் விளிம்பைத் தழுவுமாறு இறுக்கி, பின்னரே தோள் வார்களை இழுத்தல் முறை. கடையிலே வெறும் பையை அணிந்து பார்த்தலால் பயனில்லை. 20 கிலோ பாரத்தை உள்ளிட்டுச் சிறிது தூரம் நடந்து பார்த்தால்தான் குற்றம் புலப்படும்.

கொள்ளளவைப் பொறுத்தவரை, ஒருநாள் பிரயாணத்திற்கு 30 முதல் 40 லிட்டரும், இரண்டு மூன்று நாட்களுக்கு 50 முதல் 65 லிட்டரும், ஒரு வாரத்திற்கு 80 லிட்டர் அளவும் போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பும் ஆசையும் உடன் வருமாதலின் எச்சரிக்கை தேவை. இவ்விடரை நீக்கவே வேட்டைப் பைகளிற் பலவற்றில் சுமைத்தட்டு என்னும் அமைப்பு உளது. பையைச் சட்டகத்தினின்று சற்றே விலக்கி, இரண்டிற்கும் நடுவே இறைச்சி மூட்டையை வைத்து வார்களால் இறுக்கலாம். போகும்போது சிறிய பையாகவும், திரும்பும்போது பெருஞ்சுமை தாங்கியாகவும் ஒன்றே பயன்படும். பாரமும் முதுகை ஒட்டியே நிற்கும். துணியையும் கவனித்தல் வேண்டும். வழுவழுப்பான நைலான் புதரில் உராயும்போது எழும் ஓசை விலங்கை வெருட்டும். மென்மயிர்த் துணி அத்துணை ஓசை செய்யாது.

பொருள்களை அடுக்குவதற்கு விதி ஒன்று உண்டு. பாரமானவை முதுகெலும்பை ஒட்டி நடுவிலும், இலேசானவை புறத்திலும் இருத்தல் வேண்டும். இரவில் மாத்திரம் வேண்டப்படும் படுக்கை உறை அடியிலும், உணவு முதலியன அதன்மேல் முதுகை ஒட்டியும், மழையங்கி எல்லாவற்றிற்கும் மேலும் இருப்பது தகும். பாரம் முதுகினின்று விலகிப் பின்னே தொங்குமாயின், அது ஆளைப் பின்னுக்கு இழுக்கும். அவன் முன்னே குனிந்து நடந்து விரைவில் களைப்பான். ஒவ்வொரு வகைப் பொருளையும் நிறம் வேறுபட்ட சிறு உறையில் இட்டு, ஒவ்வோர் உறைக்கும் மாறாத இடம் வகுத்துக்கொள்ளுதல் நலம். இருளிலும் பனியிலும் விரல்கள் மரத்துப்போனபோது, கண் காணாததைக் கை காண வேண்டுமன்றோ?

சில பொருள்கள் பையினுள்ளே புதைபடவே கூடாது. கரடி உலவும் இடத்தில் அதனை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான் இடுப்பு வாரிலோ தோள் வாரிலோ தொங்க வேண்டும். அதனைப் பையினுள் தேடக் கரடி அவகாசம் அளிக்காது. சியாட்டில் நகரத்து மலையேறுவோர் சங்கம் வகுத்த பத்து இன்றியமையாப் பொருள்கள், நிலப்படம், திசைகாட்டி, கறுப்புக் கண்ணாடி, மிகையுடை, விளக்கு, முதலுதவி மருந்து, தீமூட்டும் பொருள், தீக்குச்சி, கத்தி, மிகையுணவு என்பனவாம். இவை ஒருநாள் பிரயாணத்திலும் விலக்கத்தக்கனவல்ல. வழி தவறி ஓர் இரவு தங்க நேர்ந்தால் உயிரைக் காப்பவை இவையே. மிகையுடை கம்பளியாயிருத்தல் நன்று. நனைந்த பருத்தி உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். குளிர் மிகுந்த இடத்தில் நீர்ப்பையின் குழாய் உறைந்துபோகுமாதலின், அகன்ற வாயுள்ள குப்பியைத் தலைகீழாக வைப்பர். பனிக்கட்டி மேலேயே முதலில் உண்டாவதால் வாய் அடைபடாது.

திரும்பும் வழியிலும் சில விதிகள் உள. இறைச்சியைப் பிளாஸ்டிக் உறையில் இட்டால் வெப்பமும் ஈரமும் வெளியேறாமல் விரைவிற் கெடும். காற்றுப் புகும் துணிப்பையில் இட்டு, நிழலில் தொங்கவிட்டு, நன்றாகக் குளிர்ந்தபின் சுமப்பதே முறை. சுமையைத் தோட்பட்டைகளுக்கு நடுவே உயர்த்தி இறுக்குவர். கொம்பைச் சுமப்பவன் அதன்மீது செம்மஞ்சள் நிறத் துணியைக் கட்டுவான்; இன்றேல், தொலைவில் நிற்கும் மற்றொரு வேட்டைக்காரன் அவனையே மானெனக் கருதிச் சுடவும் கூடும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை விலக்கப்பட்டுள்ளது, அது தக்கதே. எனினும் அனுமதி பெற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கச் செல்லும் நம் மாணவர்க்கும் மேற்கூறியவற்றுட் பல பொருந்தும். அவர்க்கும் திரும்பும் வழியின் சுமை ஒன்று உண்டு. உண்டபின் எஞ்சிய உறைகளும், வெற்றுக் குப்பிகளும், கிழிந்த கயிறுகளுமே அது. அவற்றைக் காட்டிலே எறிந்தால் யானையும் மானும் தின்று துன்புறும். ஆதலால் புறப்படும்போதே பையின் ஒரு மூலையைக் குப்பைக்கென ஒதுக்கி வைத்தல் வேண்டும். காட்டினுள் எதைக் கொண்டுபோகிறோம் என்பதோடு, அங்கிருந்து எதைத் திரும்பக் கொணர்வோம் என்பதையும் எண்ணிப் பையைக் கட்டுபவனே காட்டிற் புகத் தகுதியுடையவன்.