யோசிக்காமலேயே அடித்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருடன் செஸ் ஆடியிருக்கிறீர்களா? நீங்கள் காயை நகர்த்திய மறுநொடியே அதுவும் நகர்த்திவிடும். பள்ளி நாட்களில் இந்த வேகத்தைப் பார்த்து மிரண்டே நான் பல ஆட்டங்களைத் தோற்றிருக்கிறேன். சாப்ட்வேர் வேலைக்கு வந்த பிறகுதான் ரகசியம் புரிந்தது. ஆரம்பத்தில் அது யோசிப்பதே இல்லை! பெரிய ஆட்டக்காரர்களின் ஆரம்ப நகர்த்தல்களைத் தொகுத்து வைத்த பைலில் தேடி எடுத்து ஆடுகிறது. இதற்கு 'ஓப்பனிங் புக்' என்று பெயர்.

1997 மே 11, நியூயார்க். உலக சாம்பியன் கேரி காஸ்பரோவுக்கும் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூவுக்கும் 6-வது, கடைசி ஆட்டம். அதுவரை இரு தரப்பும் 2.5 புள்ளிகளுடன் சமம். கறுப்புக் காய்களுடன் 'காரோ-கான்' ஓப்பனிங்கை ஆடினார் காஸ்பரோவ். 7-வது நகர்த்தலில் பிஷப்பை வெளியே எடுக்காமல், ஓரச் சிப்பாயைத் தள்ளி எதிரியின் குதிரையை விரட்டினார். டீப் புளூ பின்வாங்கவில்லை. ஒரு சிப்பாயை வெட்டி, குதிரையையே பலி கொடுத்தது. காஸ்லிங் செய்ய வழியின்றி காஸ்பரோவின் ராஜா நடுவில் சிக்கியது. 19 நகர்த்தல்களில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசும் மெஷின் அது. ஆனால் அந்தக் குதிரைப் பலி அதன் கணக்கில் பிறந்ததல்ல. மனிதர்கள் புக்கில் ஏற்றி வைத்தது!

உங்கள் செஸ் புரோகிராமின் ஆப்ஷன்ஸ் பகுதியில் புக் வசதி இருந்தால், அதை நிறுத்திவிட்டு ஆடிப் பாருங்கள். முதல் நகர்த்தலுக்கே கம்ப்யூட்டர் யோசிப்பதைக் காணலாம். நீங்களும் நகர்த்தல்களை மனப்பாடம் செய்யாமல், காரணத்தைப் புரிந்து ஆடுங்கள். வரிசை ஒன்று மாறினாலும் சாம்பியனுக்கே ஆபத்துதான்.