மோதிர விரலுக்கு இடமாற்ற உத்தரவு

கொல்கத்தா பவானிபூரில், ஜதுபாபு பஜார் பக்கம் டீ கேட்டால் மண் குவளையில் ஊற்றித் தருவார்கள். அதற்குக் கைப்பிடி கிடையாது, டீயோ கொதிக்கும். விரல்களை அடிமூட்டில் மடக்கி, நுனிவரை நேராக நீட்டி, நுனிச் சதையால் மட்டும் விளிம்பைப் பிடிக்கிறோம். சுட்டால் விரல் தானாக இடம் மாறுகிறது. யாரும் யோசித்து இதைச் செய்வதில்லை. அந்தப் பிடியின் ரகசியத்தை 1940களின் கடைசியில் வேலூரில் பிரித்துப் பார்த்து, கெட்டுப்போன கைகளில் மறுபடி பூட்டிக் காட்டினார்கள்.

ஒரு சின்னச் சோதனை. வலது முன்கையை இடது கையால் பற்றிக்கொண்டு வலது விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே ஏதோ நெளிகிறது அல்லவா? விரலை மடக்கும் தசை அங்கேதான் இருக்கிறது, விரலுக்குள் இல்லை. பொம்மலாட்டக்காரர் மேலே நின்று கயிறு இழுப்பதுபோல, முன்கைத் தசைகள் தசைநாண் எனப்படும் வெள்ளைக் கயிறுகளால் விரல்களை இழுக்கின்றன. மடக்குவதற்கென்றே நான்கு விரல்களுக்கும் தலா இரண்டு கயிறுகள் உண்டு: மேலே ஒன்று, ஆழத்தில் ஒன்று. இந்தத் தாராளத்தை நினைவில் வையுங்கள். உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகளின் வேலை வேறு. அடிமூட்டை மடக்கிக்கொண்டே விரலை நிமிர்த்துவது, அதாவது டீக் குவளைப் பிடி, அவற்றுடையது.

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை ‘கரண்ட்’ அடிக்கும். அது அல்நார் நரம்பு. அந்த இடத்தில் அது தோலுக்குச் சற்றே அடியில் ஓடுவதால் உடம்பின் உட்புறத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சிதான் பிடிக்கும். நரம்பு வீங்கிச் செத்தால் உணர்ச்சி போகும், உள்ளங்கைச் சிறு தசைகளும் போகும். முன்கையின் பெரிய தசைகளில் பெரும்பாலானவை தப்பிவிடும். எதிர்த்து நிற்க ஆளில்லாமல் அவை இழுத்துக்கொண்டே இருக்க, விரல்கள் கொக்கியாக வளைந்துவிடும்.

கொக்கியான கை வீணான கை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 1947இல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போன பால் பிராண்ட், ஒரு நோயாளியின் வளைந்த கைக்குள் தன் கையைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். இறுக்கிய இறுக்கில் அவருக்கு உயிர் போனது. கொல்லிமலையில் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்திருந்த அந்த எலும்பு முறிவு மருத்துவர் வலியோடு ஒரு செய்தியையும் பெற்றுக்கொண்டார்: உள்ளே நல்ல தசைகள் வேலையில்லாமல் கிடக்கின்றன.

அவற்றுக்கு வேறு வேலை கொடுத்தால் என்ன? இரண்டு கயிறு இருக்கும் விரலில் ஒன்றை எடுத்தால் மற்றது சமாளித்துக்கொள்ளும். ஒரு விரலின் மேல்கயிற்றை வெட்டி, நான்கு இழைகளாகக் கிழித்து, உள்ளங்கை வழியே செலுத்தி, ஒவ்வொரு விரலையும் நிமிர்த்தும் பட்டையோடு தைத்தார்கள். மடக்கிக்கொண்டிருந்த தசை இனி விரலை நிமிர்த்தும். அமெரிக்கக் கை அறுவை நிபுணர் ஸ்டெர்லிங் பன்னெல் போன்றோர் கையாண்ட முறைதான் இது. தொழுநோயாளியின் கையில் துணிந்து செய்து பார்த்ததே புதுமை, தொடங்கியது 1948இல். மோதிர விரலின் மேல்கயிற்றைக் கட்டைவிரலுக்குத் திருப்பிவிடுவதும் உண்டு.

ஆனால் பல வருடம் மடங்கியே கிடந்த விரலில் கயிறு மாற்றிப் பயனில்லை, மூட்டு இறுகியிருக்கும். இங்கே கத்திக்கு முன்னால் பிசியோதெரபிஸ்ட் வருகிறார். எண்ணெய் தேய்ப்பு, நீட்டல், விரலைச் சுற்றி மாவுக்கட்டு. சில நாளில் கட்டைப் பிரித்து, விரலை இன்னும் ஒரு துளி நிமிர்த்தி, மறு கட்டு. அப்புறம் உருகிய பாரஃபின் மெழுகில் கையை முக்கி எடுப்பார்கள். சுமார் 50 டிகிரி சூடு. அதே சூட்டில் வெந்நீர் என்றால் கையை உதறுவோம். மெழுகு தோலைத் தொட்டதும் மெல்லிய உறையாக உறைந்து, பின்னால் வரும் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். உணர்ச்சியற்ற கைக்குச் சூடு கூடினாலும் தெரியாது. அதனால் முதலில் சோதிப்பவர் பிசியோதெரபிஸ்ட்தான்.

அறுவைக்குப் பிறகு சுமார் மூன்று வாரம் கட்டு. அது பிரிந்ததும் ஒரு வேடிக்கை. மோதிர விரலின் கயிறு கட்டைவிரலுக்குப் போனவரிடம் “கட்டைவிரலை அசைங்க” என்றால் ஒன்றும் நடக்காது. “மோதிர விரலை மடக்குங்க” என்றால் கட்டைவிரல் உள்ளங்கையைக் கடந்து எழுந்து வரும்! நோயாளி தன் கையையே அந்நியன் கைபோலப் பார்ப்பார். தசைக்கு இடமாற்றம் ஆகிவிட்டது, உத்தரவு இன்னும் மூளைக்குப் போய்ச் சேரவில்லை. மோதிர விரலை நினைத்து நினைத்துக் கட்டைவிரலை அசைத்து, சின்னப் பொருள்களை எடுத்து வைத்து, ஒரு கட்டத்தில் மோதிர விரலை நினைக்காமலே கட்டைவிரல் வந்துவிடும். எனக்கு அறுவையைவிட இதுதான் பெரிய வித்தை.

கை சரியானவர்கள் தொழில் கற்க 1951இல் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் வந்தது. மண் குடிசைகள், தச்சுப் பட்டறை. அங்கே இன்னொரு புதிர். குணமானவர்களின் விரல்களில் தினமும் புதுப்புதுக் காயம். காரணங்களைத் துப்பறிந்தபோது, நோய் விரலைத் ‘தின்கிறது’ என்ற பழைய நம்பிக்கை உடைந்தது. வலி தெரியாததால் சுத்தியலை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்தார்கள், சூடான பாத்திரத்தை அப்படியே பிடித்தார்கள். ராத்திரி தூங்கும்போது எலி கடித்ததும் தெரியவில்லை. அதற்கான மருந்து எளிது: ஆளுக்கொரு பூனை. மற்றதற்கெல்லாம் கண்ணைத்தான் பழக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது பாடத்தில் ஒன்றானது.

இந்தக் கைகளைச் சரிசெய்தவர்களில் ஒருவர் மேரி வர்கீஸ். 1954இல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, அவருக்கு இடுப்புக்குக் கீழே செயல் இழந்தது. பின்னாளில் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார்; 1966இல் வேலூரில் அதற்கென ஒரு நிலையமே எழுந்தது. அதற்கெல்லாம் முன்பே, விபத்துக்குப் பிறகு அவர் கத்தி பிடித்தது தொழுநோயாளிகளின் கைகளில்தான். கை அறுவையில் நோயாளியின் கையை மேசைமேல் நீட்டி வைத்து, மருத்துவர் எதிரே உட்கார்ந்துதான் வேலை செய்வார். சக்கர நாற்காலி அதற்கு இடைஞ்சலே இல்லை.