ஈர்ப்புக் கருவி போர் பாயின்ட் காட்டுமா?

‘பூமியின் ஈர்ப்பு விசையை அளந்து நீரோட்டம் சொல்கிறோம் என்று ஒருவர் வந்தார். நம்பி போர் போடலாமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கருவி பொய்யல்ல. அது தரும் எண்ணை எப்படிப் படிக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கனமான பாறைக்கு மேலே ஈர்ப்பு சற்றுக் கூடும். மக்கிய பாறை ஆழமாக இறங்கியிருக்கும் இடத்தில் குறையும். பூமியின் மொத்த ஈர்ப்பு சுமார் 9,80,000 மில்லிகால். மக்கிய பாறை பக்கத்து இடத்தைவிட 20 மீட்டர் கூடுதல் ஆழத்துக்கு இருந்தால், குறைவது சுமார் 0.4 மில்லிகால்தான்.

இவ்வளவு சின்ன வித்தியாசத்தைத் தேடும்போது மற்ற எல்லாவற்றையும் முதலில் கழிக்க வேண்டும். கருவி ஒரு மீட்டர் மேட்டில் ஏறினாலே, மேட்டு மண்ணின் இழுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் 0.2 மில்லிகால் குறைந்துவிடும். மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும் லெவல் எடுக்காமல் அளந்தால், காகிதத்தில் தெரிவது தண்ணீர் அல்ல, உங்கள் நிலத்தின் மேடுபள்ளம். கருவியின் அளவும் நேரம் ஆக ஆக நகரும். அதனால் ஆரம்பித்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து அளக்க வேண்டும். அந்தப் பகுதி முழுவதற்கும் பொதுவான ஏற்ற இறக்கத்தையும் நீக்கிய பிறகு மிஞ்சுவதுதான் நமக்கு வேண்டியது.

மிஞ்சியதை வரைபடமாகப் போட்டால் ஒரு பள்ளம் தெரியும். பள்ளத்தின் நடுவிலிருந்து அதன் ஆழம் பாதியாகும் இடம் வரை உள்ள தூரத்தை அளக்கிறார்கள். கீழே இருப்பது உருளைபோல நீண்டு கிடப்பதாக வைத்துக்கொண்டால், அந்தத் தூரமே அதன் மையத்தின் ஆழம். பந்து வடிவம் என்றால் 1.3 மடங்கு. ‘வைத்துக்கொண்டால்’ என்பதைக் கவனியுங்கள். அதே பள்ளத்தை, மேலாக அகலமாகப் பரந்த படிவும் காட்டும். களிமண்ணும் லேசானதுதான்; ஆனால் போரில் தண்ணீர் விடாது.

600 அடியில் இருக்கும் விரலளவு வெடிப்பை இந்த முறை காட்டவே காட்டாது. நம் கரும்பாறைப் பகுதிகளில் போருக்குத் தண்ணீர் வருவதோ பெரும்பாலும் அப்படிப்பட்ட வெடிப்பிலிருந்துதான். ஆகவே ‘இந்த இடத்தில், இத்தனை அடியில், இத்தனை அங்குலம் தண்ணீர்’ என்று ஈர்ப்பை மட்டும் வைத்துச் சொல்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

பெரிய பரப்புக்கு இதே தத்துவம் அருமையாக உதவுகிறது. 2002-ல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள், ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில் 2008 வரையிலான ஆறு ஆண்டுகளில் சுமார் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததை ஈர்ப்பு மாற்றத்தை வைத்தே காட்டின. ஆனால் அது ஒரு கிணற்றின் கணக்கு அல்ல.

வந்தவரிடம் லெவல் எடுத்தாரா என்று கேளுங்கள், வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். அவர் காட்டும் இடத்தில் மின்தடை ஆய்வும் செய்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் போர் வண்டியைக் கூப்பிடுங்கள். மின்தடை ஆய்வுக்கு உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.