பழ ஈயின் கண் அனுப்பும் தூது

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் கனிந்து தொங்கும் நேந்திரக்குலையைச் சுற்றி வட்டமிடும் பழ ஈயை நாம் அலட்சியமாகக் கையால் விரட்டிவிடுகிறோம். எனினும், அந்த அற்பப் பிராணியின் சிவந்த கண் ஒவ்வொன்றும், ஏறத்தாழ 800 சிறு கண்கள் ஒன்றுகூடி அமைந்த ஓர் அற்புத நிர்மாணமாகும். சிறு கண் ஒவ்வொன்றிலும் ஒளியை உணரும் உயிரணுக்கள் 8 உண்டு. அவை, ஈ இன்னும் புழுப் பருவத்தில் இருக்கும்போதே, மூளையை நோக்கி நரம்பிழைகளை நீட்டி, அவற்றின் வழியே ‘ஹெட்ஜ்ஹாக்’, ‘ஸ்பிட்ஸ்’ என்னும் இரண்டு புரதங்களைத் தூதாக அனுப்புகின்றன.

முதல் தூது மூளையின் இளம் அணுக்களைப் பெருகச் செய்கிறது. இரண்டாவது தூதை நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் துணை அணுக்கள் ஏற்று, இன்சுலினை ஒத்த புரதங்களைச் சுரந்து, அந்த இளம் அணுக்களுள் பெரும்பாலானவற்றை நரம்பணுக்களாக மாறத் தூண்டுகின்றன என்பதை 2017-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி புலப்படுத்தியது. கண்ணில் எத்தனை சிறு கண்களோ, மூளையிலும் அதற்கு ஈடாக அத்தனை நரம்பணுத் தொகுதிகள் என்னும் கணக்குப் பிசகாமல் அமைவதற்கு இவ்விரு தூதுகளே காரணம்.

ஈயின் இந்த இரு தூதுப் புரதங்களுக்கு உறவான புரதங்களே, தாயின் கருவறையில் மனித சிசுவின் அவயவங்கள் உருப்பெறும்போதும் தூது செல்கின்றன.