கல்லுக்குள் ஒரு கருவூலம்

கும்பக்கரை அருவியில் நீராடிய நாம், அங்குள்ள பாறைக் குழிகளை வியந்து நோக்கியிருப்போம். ஓடும் நீர் கூழாங்கற்களைச் சுழற்றிச் சுழற்றிக் குடைந்த குழிகள் அவை. ஆனால், வெளியிலிருந்து எதுவும் குடையாமலேயே உள்ளே வெற்றிடம் கொண்டு, அவ்விடத்தை ஒளிவீசும் படிகங்களால் அணிசெய்து வைத்திருக்கும் கற்களும் உலகில் உள. நிலவியலார் இவற்றை 'ஜியோடு' என்பர்; நாம் 'படிகப் பொதிகல்' என வழங்கலாம். இவற்றின் தோற்றத்தையும் இருப்பிடத்தையும், இவற்றைச் சார்ந்து வாழும் மாந்தரின் நிலையையும் இங்குக் காண்போம்.

குமிழியே கருவறை

எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது, வெளியேற இயலாத வளிக்குமிழ்கள் பாறைக்குள் சிற்றறைகளாகத் தங்கிவிடுகின்றன. பின்னர், நிலத்தடி நீர் நுண்வெடிப்புகளின் வழியே ஊறிச்சென்று, தான் கரைத்துக் கொணர்ந்த சிலிக்காவை அவ்வறைகளின் சுவர்களில் படியவைக்கிறது. வரிவரியாகப் படிந்து அறை முழுதும் நிறைந்தால் அது அகேட் கல். நடுவில் இடம் எஞ்சி, படிகங்கள் உள்நோக்கி வளர்ந்தால் அது படிகப் பொதிகல். நம் வயல் வரப்பில் கிடக்கும் வெங்கச்சங்கல்லும் இதே சிலிக்காதான். அதனோடு சிறிதளவு இரும்பு சேர்ந்து, சுற்றுப்பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால் ஊதாநிறச் செவ்வந்திக்கல் பிறக்கிறது.

அமெரிக்காவின் ஒரிகன், யூட்டா மாநிலங்களின் வறண்ட நிலங்களில் இக்கற்களைத் தேடுவோர் பலர். அங்கு மண்போர்வையும் செடிகொடிகளும் குறைவு. மென்பாறை சிதைந்து போக, கடினமான உருண்டைகள் எஞ்சி நிற்கின்றன. வெளித்தோற்றத்தில் அவை அழகற்றவை, கரடுமுரடானவை. பருமனுக்கு ஏற்ற எடை இல்லாமையே உள்ளே வெற்றிடம் உண்டு என்பதற்குரிய குறிப்பாகும்.

எங்கே தேடுவது?

பெரியகுளத்தில் இவற்றைத் தேடலாமா? வராக நதிப் படுகையை அலசினும் கிடைப்பதரிது. கொடைக்கானல் மலைத்தொகுதி பெரும்பாலும் சார்னோகைட் என்னும் பாறையால் ஆனது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைக் கண்டு, தாமஸ் ஹாலண்டு என்னும் நிலவியலார் இட்ட பெயர் இது. புவியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறையில் வளிக்குமிழுக்கு ஏது இடம்? கல்லைத் தேடுமுன் அக்கல்லின் பிறப்பை அறிதல் வேண்டும் என்பதற்கு நம் மலையே சான்று.

இந்தியாவில் இவற்றின் தாயகம் தக்காணப் பீடபூமி. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருகிய எரிமலைக் குழம்பு, இன்றும் ஏறக்குறைய 5 இலட்சம் சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் பாறையாகக் கிடக்கிறது. அஜந்தா, எல்லோராக் குகைகள் இப்பாறையில் குடையப்பட்டவையே. ஜல்காவ், நாசிக், புணே வட்டாரங்களில் கிணறு தோண்டும்போதும் கல்லுடைக்கும்போதும் படிக அறைகள் வெளிப்படுகின்றன. கவன்சைட் என்னும் நீலக் கனிமத்தை, ஒரிகனில் கிடைத்ததைக் கொண்டு 1973இல் அறிஞர்கள் விளக்கினர். எனினும் அதன் மிகச் சிறந்த படிகங்கள் பின்னர்ப் புணேயை அடுத்த வாகோலிக் கற்குவாரிகளிலேயே கிடைத்தன. நாசிக்கை அடுத்த சின்னாரில் உள்ள கார்கோட்டி அருங்காட்சியகத்தில் இத்தகைய படிகங்களைக் காணலாம்.

ஒளியும் தூசியும்

நம் பெரியவர்கள் சிலரின் மோதிரத்தில் ஒளிரும் 'அகீக்' கல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அகேட் வகைக் கல்லுக்கு அரபியர் வழங்கும் பெயர் அது. குஜராத்தின் இரத்தன்பூரில் அகேட் வெட்டியெடுக்கும் தொழில் தொன்மையானது. அங்கு அடங்கியுள்ள பாபா கோர், அபிசீனியாவிலிருந்து வந்து இவ்வணிகத்தை வளர்த்தவர் என்பது மரபுவழிச் செய்தி. ஆப்பிரிக்க வழிவந்த சித்தி முஸ்லிம்கள் அவரைப் பெரிதும் போற்றுகின்றனர். அக்கற்களைச் சுட்டு நிறமேற்றுவதும், சாணையில் தீட்டுவதும் கம்பாத் நகரத்துக் கைவினைஞர்களின் பரம்பரைத் தொழில்.

அத்தொழிலில் ஒரு பெருந்துயரும் உண்டு. உலர்ந்த கல்லைச் சாணையில் பிடிக்கும்போது எழும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து, 'சிலிக்கோசிஸ்' என்னும் தீராத நோயைத் தருகிறது. வீட்டிலேயே சாணை சுழல்வதால், தொழில் செய்யாத மனைவி மக்களும் அத்தூசியைச் சுவாசிக்க நேர்கிறது. நீர் ஊற்றித் தீட்டுதலும், தூசியை உறிஞ்சும் பொறியமைத்தலும் இந்நோயைப் பெரிதும் தடுக்கும். ஆனால் அவற்றிற்கு ஆகும் செலவை ஏழைத் தொழிலாளி தன் சொற்பக் கூலியில் எங்ஙனம் ஏற்பான்? கல்லை வாங்குவோரும் விற்போரும் அச்செலவில் பங்கேற்பதே நீதி.

நாளை நம் மாணவர்கள் கல்விச் சுற்றுலாவாக அஜந்தாவுக்குச் செல்லக்கூடும். பாதுகாக்கப்பட்ட அவ்விடத்தில் ஒரு சிறு கல்லையும் பெயர்த்தல் கூடாது. பிற இடங்களில் நிலத்துக்கு உரியவரின் இசைவைப் பெறுக. கல்லை உடைக்குமுன் கண்ணுக்குக் காப்பணிக. எடுத்த இடத்தைக் குறித்து வைக்க மறவற்க. இடம் அறியாத கல் அறிவியலுக்கு அரைக்கல்லே.

ஒரு குமிழியை ஒளிமிகு கருவூலமாக்க இயற்கைக்கு நெடுங்காலம் ஆகிறது. அதனைத் தீட்டித் தருபவனின் மூச்சோ சில ஆண்டுகளிலேயே தேய்ந்துவிடுகிறது. கல்லின் ஒளியை வியக்கும் நாம், அம்மூச்சைக் காக்கும் வழியையும் எண்ணுவோமாக!