பொன் தேடுங் கருவியும் அதனைப் பயிலும் முறையும்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் 1851-ஆம் ஆண்டு பொன் வெளிப்பட்டபோது, மண்வெட்டியும் அரிப்புத் தட்டுமே தேடுவோர்க்குத் துணையாயின. இந்நாளில் ஓய்வுப்பொழுதிற் பொன் தேடுவோர் ஆங்கு உலோகங்காண் கருவியைக் கைக்கொள்கின்றனர். அதனைப் பயிலுமாற்றை ஈண்டு விளக்குவோம்.

கருவியின் அடியிலுள்ள கம்பிச்சுருளில் மாறும் மின்னோட்டம் பாய, நிலத்துட் காந்தப்புலம் பரவும். அப்புலம் உலோகத்திற் சுழல்மின்னோட்டத்தை எழுப்ப, அதனாற் பிறக்கும் மறுபுலத்தைக் கருவி உணர்ந்து ஒலியாக்கும். பொன்னென்றும் ஆணியென்றும் அது பெயர் சொல்லுவதில்லை; சொல்லுமென்றெண்ணி வாங்குவோர் பலர்!

அந்நாட்டு மண்ணில் இரும்புச்சத்து மிகுதலின் வெறுநிலமே ஓசையிடும். ஆதலின் நிலத்திற்கேற்பக் கருவியைச் சமப்படுத்துதலே முதற்பாடம். அடுத்தது செவிப்பயிற்சி. ஈயக்குண்டொன்றைச் சில விரற்கடை ஆழத்திற் புதைத்து, சுருளை மண்ணையொட்டி மெல்ல வீசி, அவ்வோசையை மனத்திற் பதித்தல் நன்று. சிறு பொன்மணியும் ஏறக்குறைய அவ்வாறே ஒலிக்கும். இரும்பை விலக்கும் அமைப்பை முற்றும் நம்பி நடப்போர் பொன்னையும் விட்டுச் செல்லக்கூடும். ஐயமான ஒலி ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்தலே தக்கதென்பது எம் துணிபு.

1980-இல் கிங்கோவர் என்னும் ஊரருகே கெவின் ஹில்லியர் என்பார் இக்கருவியாற் கண்ட, ‘விசுவாசத்தின் கரம்’ எனப் பெயர்பெற்ற பொற்பாளம் 27 கிலோகிராமுக்கு மேற்பட்டது. அது கிடந்ததோ ஏறக்குறைய ஓரடி ஆழத்திலேயே. விக்டோரியாவில் அரசினர் தரும் உரிமைச்சீட்டின்றித் தேடலாகாது. தோண்டிய குழியையும் தூர்த்தே பெயர்தல் வேண்டும்.